பல்செட்டார் ஜபத்தில் இருக்கிறார்

ஒரு லட்சம் தடவை சிவன் பெயரைச் சொல்லப் போவதாகப் பல்செட்டார் பல் தேய்த்துக்கொண்டே அறிவித்தார். வாய் நிறைய நுரை. அதனால் அந்த மகத்தான அறிவிப்பு சமையலறை வரைக்கும் போய்ச் சேரவில்லை. கொப்பளித்துத் துப்பி, முகத்தைத் துடைத்து, சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமி மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. மகத்தான விஷயத்தை இரண்டாம் தடவை சொன்னால் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

"ஒரு லட்சமா?" என்றாள் மனைவி. அடுப்பிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"ஒரு லட்சம். நாப்பத்தெட்டு நாள். தினம் இருபது ஜபமாலை. சாயங்காலம் ஆறரைக்கு உக்காந்தா எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன்."

"ஆறரைக்கா?"

"ஆறரைக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஆறரை மணி என்றால் அந்த வீட்டில் என்ன என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்கின் பின்பக்க அறையில் செயற்கைப் பல்வரிசை செய்கிறவர் அவர். மாவைக் குழைத்து அச்செடுத்து, ரோஸ் நிற மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, தேய்த்து மெருகேற்றி அனுப்புவார். அதனால் தெருவில் அவருக்குப் பல்செட்டார் என்று பெயர். ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் கைங்கர்யம். அவர் மட்டும் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், சாலையைக் கடக்கும்போது வேன் மோதி அவர்களுடைய ஒரே மகள் செத்துப்போனாள். இருபது வயது. கல்லூரியில் என்ன பெயரோ, வீட்டில் அவள் கடைசி வரைக்கும் பாப்பாதான்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான் நடந்தது. ஆறு மணிக்கு அவர் வருவார். டீ குடிப்பார். ஆறரைக்கு மனைவி கை வேலையை முடித்துவிட்டு எதிரில் வந்து உட்காருவாள். "பாப்பா இருந்தப்போ" என்று ஆரம்பிப்பாள். உடனே அவருக்கு மோட்டார் ஞாபகம் வந்துவிடும். தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போய்விடுவார். இல்லாவிட்டால் கொல்லைக் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கப் போவார். அந்த வீட்டு மோட்டார் அளவுக்குக் கவனிப்போடு வாழ்ந்த மோட்டார் உலகத்தில் வேறு கிடையாது.

போன மாதம் அவள் ஆளைக் கூப்பிட்டுக் குழாயை மாற்றினாள். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்கிற மாதிரி ஒரு கருவியையும் மாட்டவைத்தாள். பல்செட்டாருக்கு வீட்டில் ஓடி ஒளிய இடமில்லாமல் போயிற்று.

அவர் ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மழை நாளில் நாலு பத்துக்கு அவருடைய போன் அடித்தது. இரண்டு கையிலும் மாவு. குழைத்த மாவு ஐந்தே நிமிஷத்தில் இறுகிவிடும், விட்டால் அச்சு வீண். எட்டிப் பார்த்தார், பாப்பா. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கை கழுவிவிட்டுக் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. மழை பெய்தால் அவள் எதற்குக் கூப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியாதா? "அப்பா, வண்டி எடுத்துட்டு வாங்க" என்றுதான். ஒரு அச்சுக்காகப் பெண்ணைச் சாகவிட்டவன் நான் என்று அவர் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் அந்தப் போனில்தான் வந்து நிற்கும் என்று அவருக்கு பயம்.

மாடி வீட்டு டிராயிங் மாஸ்டர்தான் அறியாமல் வழி காட்டினார். ரிடையரானவர், தினமும் ஜபம் செய்கிறவர். ஜபத்தில் இருக்கும்போது சொந்த மச்சான் வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அதைக் கண்ட அன்றே பல்செட்டார் அவரிடம் ஒரு ஜபமாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நூற்றியெட்டு மணி, தலைக்கு ஒரு பெரிய மணி. பெரிய மணியைத் தாண்டக் கூடாது, அங்கே வந்ததும் மாலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி வர வேண்டும். மாஸ்டர் சொன்னது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பல்செட்டார் தாமே செய்துகொண்டது. பல்லுக்குப் பல் இடைவெளி இல்லாமல் அடுக்கிப் பழகிய கை அல்லவா, சட்டத்திலும் ஓட்டை விடவில்லை.

"நடுவுல பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. இடம் மாறக் கூடாது. ஒன்னு தவறினாலும் மொத்தமும் வீண். முதல் நாள்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "காதுக்கு?"

"காதுக்கு என்ன?"

"காதுக்குச் சட்டம் ஒன்னும் இல்லையா?"

"காது என்ன பண்ணும், பாவம். அது பாட்டுக்கு இருக்கும்."

"சரி. நல்ல காரியம். பண்ணுங்க" என்று அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள். வாதம் செய்வாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் நாள் சொர்க்கம். கூடத்து மூலையில் பாய், சின்ன விளக்கு, கையில் மாலை. ஓம் நமசிவாய, ஓம் நமசிவாய. வீட்டில் ஒரு சத்தமில்லை. எட்டு மணிக்கு எழுந்தபோது சிவபெருமானிடம் அவருக்கு நிஜமாகவே பிரியம் வந்திருந்தது.

இரண்டாம் நாள், மூன்றாவது மாலையில் இருக்கும்போது, எதிரில் இன்னொரு பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் துவைத்த துணியை உதறி மடிக்கிற சத்தம்.

"நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க. நான் உங்களைக் கூப்பிடல" என்றாள் மனைவி. "துணி மடிச்சுக்கிட்டே சும்மா பேசிட்டிருக்கேன். பாப்பா மூணாவது படிக்கும்போது, உங்களுக்கு ஞாபகம் இருக்கா..."

பல்செட்டாரின் முழங்கால் பழக்கதோஷத்தில் தானாக எழுந்தது. பாதி எழும்பியதும் சட்டம் ஞாபகம் வந்தது. எழுந்தால் முதல் நாள். முழங்காலை மறுபடி மடக்கிக்கொண்டார். குரலை உயர்த்தி ஓம் நமசிவாய என்று முழங்கினார். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மூன்றாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பாயை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். தங்கள் கல்யாண ராத்திரியில் மாப்பிள்ளை பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினதில் ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் பஞ்சையும் தாண்டிக் கேட்டது. பல்செட்டார் கண்ணைத் திறக்காமலே இரண்டு பஞ்சையும் பிடுங்கிப் போட்டார்.

மறுநாள் காலை மாடிப்படியில் டிராயிங் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், ஜபத்துல இருக்கும்போது பக்கத்துல யாராவது பேசினா?"

"பேசினா என்ன? பேச்சு அவங்களோடது, ஜபம் உங்களோடது."

"காதுல விழுதே."

"விழட்டும். மனசுல விழாம பாத்துக்குங்க."

"விழுந்துட்டா?"

மாஸ்டர் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "விழுந்துட்டா எடுத்து வெளிய வச்சுட்டு அடுத்த மணியைத் தள்ளுங்க."

"இல்ல, ஒரு யோசனை. உங்க மாடி ரூம்ல வந்து உக்காந்துக்கட்டுமா?"

"அதெப்படி? இடம் மாறினா மொத்தமும் வீண்னு நீங்கதானே அன்னிக்கு எனக்குப் பாடம் எடுத்தீங்க? நாப்பது வருஷமா ஜபம் பண்றேன், எனக்கே தெரியாத சட்டம். நல்லா இருக்கேன்னு குறிச்சு வச்சிருக்கேன்."

அதற்கு மேல் யாரிடம் முறையிடுவது? சிவனிடம் முறையிடலாம். ஆனால் அவர் வாய் அந்த நேரத்தில் சிவன் பெயரைச் சொல்வதில் வேலையாக இருந்தது.

அவள் தினமும் பேசினாள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. பாப்பா முதல் தடவை தனியாகக் கடைக்குப் போனது. ஜுரத்தில் மாத்திரையைத் தலையணைக்குள் ஒளித்துவைத்தது. ஒரு நாள் இதைச் சொன்னாள்: "உங்க ரூம்ல கீழ்த்தாடை அச்சு ஒன்னு காணாமப் போச்சே, கிளினிக் கூட்டற அம்மாவைச் சந்தேகப்பட்டு ரெண்டு மாசம் அவங்களோட பேசாம இருந்தீங்களே. அது பாப்பாதான். பைக்குள்ள வச்சுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டா. டீச்சர் மேஜை டிராயர்ல வச்சுட்டா. டீச்சர் திறந்து பாத்து..." அங்கே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்கியதும், "நேரமாச்சு, உலை வைக்கணும். மீதி நாளைக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

பல்செட்டார் தவித்துப்போனார். டீச்சர் என்ன ஆனாள்? அந்தத் தாடை மறுபடியும் அலமாரிக்கு எப்படி வந்தது? எட்டு மணிக்குப் பிறகு கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கேட்டால் இவ்வளவு நேரம் சிவனை விட்டுவிட்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று ஆகிவிடும். ஒரு லட்சம் ஜபிக்கிறவருக்கு அது அழகா? கேள்வியை மென்று விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் கிளினிக்கிலிருந்து அரை மணி முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த வாரம் டாக்டர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில், மெழுகில் அடுக்கிய மேல்வரிசை ஒன்று இருந்தது. ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டருக்கானது.

"என்னங்க இது, முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கீங்க? எழுபது வயசு மனுஷருக்கு இது எதுக்கு?"

பல்செட்டார் குனிந்து பார்த்தார். பாப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும். அப்பா மூடிவிடுகிறேன் என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். "வேணாம்பா, விசில் அடிக்க வேணும்" என்று மறுத்துவிடுவாள். கை அவரைக் கேட்காமலே செய்திருக்கிறது.

"திருத்தித் தரேன் டாக்டர்" என்று எடுத்துக்கொண்டு பின் அறைக்கு வந்தார். கத்தியைச் சூடாக்கி மெழுகை இளக்கி இரண்டு பல்லையும் நெருக்கிவைத்தால் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை. கத்தி நாலு தடவை ஆறிப்போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு அவர் அழுதார். இரண்டு வருஷத்தில் அவர் அழுதது அன்றுதான். அழுது முடித்துவிட்டுத்தான் பல்லை நெருக்கினார்.

முப்பத்தோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆறரைக்கு அவர் உட்கார்ந்தார். எதிரில் பாய் விழுந்தது. துணி உதறுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. எட்டு மாலை போகிற வரைக்கும் அவள் பேசவே இல்லை. ஒன்பதாவதில் ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு மழை. இன்னிக்கே சொல்லிடறேன்."

மாலையில் அவர் விரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

"அன்னிக்கு நாலே கால் இருக்கும், பாப்பா எனக்குப் போன் பண்ணினா. அப்பாவுக்குப் பண்ணினேன், எடுக்கலன்னா. நல்லவேளைம்மா, எடுக்கலன்னா. உங்க நீலக் கட்டம் போட்ட சட்டை, அன்னிக்குக் காலைல பூரா தேடிட்டுக் கிடந்தீங்களே, அதை அவதான் போட்டுட்டுப் போயிருந்தா. அதுல மை கொட்டிடுச்சாம். நேரா உங்ககிட்டயே சொல்லிடலாம்னு தைரியமா நம்பரைப் போட்டிருக்கா. மணி அடிக்க அடிக்க பயம் வந்துடுச்சாம். நீங்க எடுக்கலன்னதும் அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு. நீயே பக்குவமாச் சொல்லிடும்மான்னு சிரிக்கறா. மழையா இருக்கே, அப்பாவை வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். ஐயோ வேணாம், இந்தச் சட்டையோட அவர் வண்டியில பின்னாடி உக்காரவா, பஸ்லயே வந்துடறேன்னு வச்சுட்டா."

அவள் பாயை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பழைய போனைப் பீரோவுல துணிக்கு அடியில வச்சிருக்கீங்க. அதுல அந்த ஒரு நம்பர் சிவப்பா நிக்குது. எனக்குத் தெரியும். உங்களை வரச் சொல்லி அவ கூப்பிடல. இதைச் சொல்லத்தான் ரெண்டு வருஷமா பக்கத்துல வரேன். நீங்க மோட்டாரைப் பாக்கப் போயிடறீங்க."

ஓம் நமசிவாய என்று அவர் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கண் மூடியபடியே இருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி மீசையில் தேங்கியது. விரல் மறுபடி ஓடத் தொடங்கி, பெரிய மணி வந்ததுகூடத் தெரியாமல் தாண்டிப் போயிற்று. அவள் எழுந்து வந்து புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு அங்கேயே, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போனை எடுக்கலன்னு உங்களுக்கு வருத்தம். நான் எடுத்தேனே. அப்பா வருவாரு, அங்கேயே நில்லுடின்னு ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம். அவ சிரிச்சா, நானும் சிரிச்சுட்டு வச்சுட்டேன். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? உங்ககிட்டதானே சொல்லணும்."

இந்த வீட்டில் அந்தப் பாரத்தைச் சுமக்கிற ஆள் தாம் ஒருவர்தான் என்று பல்செட்டார் நினைத்திருந்தார். பக்கத்து அறையில் இன்னொருத்தி இரண்டு வருஷமாகச் சுமந்திருக்கிறாள், இறக்கிவைக்க இடம் கேட்டிருக்கிறாள், அவர் தொட்டியைப் பார்க்கப் போயிருக்கிறார். உன் தப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். இப்போதே, இந்த நிமிஷமே சொல்ல வேண்டும். ஆனால் இன்னும் பதினோரு மாலை இருந்தது. வாயைத் திறந்தால் முப்பத்தோரு நாளும் போச்சு. அந்தச் சட்டத்தைப் போட்ட மடையனை அவர் மனசுக்குள் திட்டினார். அந்தப் பதினோரு மாலையையும் அவர் சொன்ன வேகத்துக்கு, சிவனே கொஞ்சம் நிறுத்துப்பா என்று கையைக் காட்டியிருப்பார்.

முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் போய் நின்றார். நெஞ்சு வரைக்கும் வந்தது வாய்க்கு வரவில்லை. நின்றார், நின்றார், கடைசியில் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு. உக்காருங்க" என்றாள் அவள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அதற்கு மறுநாளும் அப்படியே நினைத்தார். பேசிப் பழகாத வாய் ஒரே வாக்கியத்துக்குப் பதினேழு நாள் மக்கர் பண்ணியது. அவள் அந்தப் பதினேழு நாளும் எதிரில் வந்து உட்கார்ந்தாள், பாப்பாவைப் பற்றிப் பேசினாள், அவர் கேட்டார். ஆனால் அந்தப் போனைப் பற்றி அவள் மறுபடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சுக்கு நடுவில் சில சமயம் நிறுத்திவிட்டு எதற்கோ காத்திருந்தாள். நாற்பத்தெட்டாம் நாள் ஒரு லட்சம் நிறைந்தது. மாஸ்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

நாற்பத்தொன்பதாம் நாள் பல்செட்டாருக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். ஆறரை மணி ஆயிற்று. கூடத்துக்குப் போனால் அவர் பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் அவருடைய மாலை. எதிரில் இன்னொரு பாய் காலியாக விரித்திருந்தது.

"என்ன இது?"

"ஒரு லட்சம். நாப்பத்தெட்டு நாள். இன்னிலேர்ந்து நான்."

"நீயா?"

"ஏன், சிவன் உங்களுக்கு மட்டும் சொந்தமா? நான் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. உங்க சட்டம்தான் எல்லாம். ஒன்னே ஒன்னு மட்டும் கூட. நான் முடிக்கற வரைக்கும் எதிர்ல இருக்கறவரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தா எனக்கு முதல் நாள்."

"இப்படி ஒரு சட்டத்தை யார் சொன்னது?"

"உங்களுக்கு யார் சொன்னாங்களோ, அவங்கதான். எனக்குச் சொல்றதெல்லாம் தீந்துபோச்சுங்க. இனிமே நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன். காதுக்குத்தான் சட்டம் இல்லையே."

கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைய ஆரம்பித்தது. பல்செட்டார் எதிர்ப் பாயில் உட்கார்ந்தார். அவள் பார்க்காதபோது அவள் முகத்தைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே எவ்வளவு கறுத்துவிட்டது, எப்போதிலிருந்து இப்படி? அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். கையால் பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இங்க பாரு," என்றார். "நீ அதட்டியிருந்தாலும் அவ கேட்டிருக்க மாட்டா. உன் தப்பு இல்ல. உன் தப்பு ஒன்னும் இல்ல."

அவள் கண் திறக்கவில்லை. மூடிய இமையிலிருந்து கண்ணீர் வழிந்தது. உதடு விடாமல் மந்திரம் சொன்னது. பல்செட்டார் கையை நீட்டி, சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்பாடா, சொல்லிவிட்டோம் என்று நீளமாக ஒரு மூச்சு விட்டார். இரண்டு வருஷத்து வேலை முடிந்தது, இனி ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று பாயில் கை ஊன்றினார்.

அவள் பெரிய மணிக்கு வந்து மாலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே அவருக்கு ஒற்றை விரலைக் காட்டினாள்: ஒன்று முடிந்தது, இன்னும் பத்தொன்பது.